ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடு

எங்கள் தெருவில் வீடுகள் வளரும். மரம் வளர்கிற மாதிரி இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்துப் பார்த்து வளரும். புதிதாகக் கட்டுகிறவர் ரோட்டைவிட இடுப்பளவு உயரம் மண் அடித்துவிட்டுத்தான் பேஸ்மட்டமே போடுவார். ரோடு போடுகிறவர்கள் வந்தால் பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, உருட்டிவிட்டுப் போவார்கள். இப்படி ஆளாளுக்கு உயர உயர, முதலில் கட்டினவன் வீடு பள்ளமாகிப் போகும். மழைத்தண்ணீர் வந்தால் இது யார் வீடு, பாவப்பட்டவன் வீடா என்றெல்லாம் பார்க்காது. பள்ளம் எங்கே என்று மட்டும்தான் பார்க்கும். அந்தத் தெருவில் முதலில் கட்டினவர்களில் நானும் ஒருவன்.

மதுரைக்கு வடக்கு ஓரம் அது. பக்கத்தில் ஒரு கண்மாய் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் ஏறி நிற்கிற தாழ்ந்த பூமியைத்தான் மனையாகப் பிரித்து விற்றார்கள். நான் பார்க்கப் போனபோது சீமைக்கருவேல மரமும் வெடித்துக் கிடந்த மண்ணும்தான் இருந்தன. புரோக்கர் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"அண்ணே, இங்க தண்ணி நின்னு எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? என் கல்யாணத்துக்கு முந்தி நின்னுச்சு. இப்ப எம் மகனுக்கே கல்யாணம் முடிஞ்சிருச்சு."

தண்ணீர் நிற்காது என்று சொல்லி அவர் மனையை விற்றார். தண்ணீர் நின்ன இடம் என்று கேட்டுத்தான் நாங்கள் வாங்கினோம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவன். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டில் வேலை பார்த்த குடும்பம். மழை பெய்தால் எங்களுக்கு வேலை, பெய்யாவிட்டால் வேலை இல்லை. புருவத்தில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற அப்பாவைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் முகம்கூட அந்தக் கை நிழலோடுதான் நினைவில் வருகிறது. அப்படி வளர்ந்தவனிடம் போய், இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று சொன்னால் பயமா வரும்? ஆசைதான் வரும்.

என் மனைவி கையோடு சொல்லிவிட்டாள். "பேசாம முடிங்க. கொஞ்சம் தோண்டுனா கெணத்துல தண்ணி வந்துருமாம்ல. எங்க ஆத்தாளுக்குப் பாதி ஆயுசு கொடத்தோடயே போச்சு. எனக்காச்சும் வீட்டுக்குப் பக்கத்துல தண்ணி கெடக்கட்டும்."

ஆற்றங்கரையில் பிறந்தவர்களாக இருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பார்கள். தண்ணீர் வந்தால் எங்கே போகும் என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வியே தெரியாது.

அந்தக் கேள்வி தெரிந்த ஒருவர் பக்கத்து மனைக்கு வந்தார். சோழவந்தான்காரம்மா. வைகைக் கரையில், வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளி அடுக்கி வளர்ந்தவர். வந்த முதல் நாளே தரையில் குனிந்து எதையோ பொறுக்கி என் மனைவியிடம் காட்டினார்.

"மதினி, இத பாத்தீகளா? நத்த ஓடு. எடமெல்லாம் கெடக்கு. தண்ணி நின்ன எடத்துலதான் இது கெடக்கும்."

"நின்னா நல்லதுதான மதினி?"

"நின்னா நல்லதுதான். வீட்டுக்குள்ள நின்னா?"

"அம்புட்டுத் தெரிஞ்சவுக நீங்க ஏன் வாங்குனீக?"

"எங்க வீட்டுக்காரரு அட்வான்ஸக் குடுத்துப்புட்டுத்தான் எங்கிட்ட எடத்தையே காட்டுனாரு. ஆம்பள புத்தி."

அன்றைக்குச் சேர்ந்தவர்கள்தான் இரண்டு பேரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சாக்கடை மேல் ஒரு கல் போட்டிருந்தது. சாயங்காலம் ஆனால் அந்தக் கல்லில்தான் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வெற்றிலைப் பெட்டி. கீரைக்காரி அங்கே கூடையை இறக்குவாள். கரண்டுக் கணக்கெடுக்க வருகிற பையன் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிப்பான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை நிறுத்தி, இன்றைக்கு என்ன சோறு போட்டார்கள் என்று விசாரிப்பார்கள். நான் அப்போது வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே அவர்கள் சிரிப்பு கேட்கும். என் மனைவி கோயில் குளம் என்று அலைகிறவள் இல்லை, சினிமாவுக்கும் போக மாட்டாள். அவளுக்கு மதுரை என்றால் அந்தக் கல்தான். எங்கள் வாசலில் ஒரே ஒரு படி. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிவிடுவாள்.

சோழவந்தானம்மா சொன்னது சில வருசம் கழித்து நடந்தது. ஒரு ஐப்பசியில் கண்மாய் நிறைந்து, வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் தரையில் ஒரு ஈரக்கோடு, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். தவளை கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுப்பு மிதந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தடவை வந்தால் அடுத்த வருசமும் வரும் என்று தயாராக இருக்கலாம். அதுவும் இல்லை. ஒரு வருசம் வரும், இரண்டு வருசம் சொட்டு இருக்காது, பிறகு எதிர்பாராத மாதத்தில் வரும். ஆனாலும் தெருக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். டெய்லர் ஒருவர் தையல் மிசினை உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட ஏற்பாடு வைத்திருந்தார். டீக்கடைக்காரர் அடுப்பைச் சிமெண்டுத் தொட்டி மேல் ஏற்றினார். மீட்டர் பெட்டியை எல்லாரும் ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் மாட்டியதில், கணக்கெடுக்க வருகிறவருக்கு ஸ்டூல் போட வேண்டி வந்தது. நாங்கள் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தோம். ரேசன் அரிசி பரண் மேல் போனது. வாசலில் மண் மூட்டை எப்போதும் தயாராகக் கிடக்கும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மேலே போனது. நாங்கள் மட்டும் கீழே இருந்தோம்.

இரண்டு தடவை ரோடு போட்டபிறகு எங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அப்புறம் பெரிய மழைகூட வேண்டியதில்லை. சாதாரண மழைக்கே சாக்கடை உள்ளே வந்தது. என் மகன் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறான். அவன்தான் செல்போனில் ஒரு படம் காட்டினான். வீட்டை இடிக்காமலே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள்.

"யப்பா, லாரிக்கு டயர் மாத்துறாப்ல. அதே ஜாக்கிதான். அடியில வரிசையா வச்சு, எல்லாத்தையும் ஒண்ணா முறுக்குறாய்ங்க. வீடு ஒசந்துரும்."

"உள்ள இருக்க சாமி படம் விழுந்துறாது?"

"ஆணி அடிச்சிருந்தா விழாது."

வடநாட்டுப் பையன்கள் வந்தார்கள். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்பைச் சொருகி, வீட்டைச் சுற்றி ஜாக்கி வைத்தார்கள். ஒருவன் விசில் ஊதுவான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு முறுக்கு முறுக்குவார்கள். மறுபடி விசில். பார்த்துக்கொண்டே இருந்தால் உயர்வது தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தெரியும். தூக்கி முடிகிறவரை நாங்கள் சோழவந்தானம்மா வீட்டில்தான் குடியிருந்தோம். அவர் வீட்டுக்காரர் அதற்குள் காலமாகிவிட்டார், ஒரே மகன் திருப்பூரில். இரண்டு பெண்களும் சாக்கடைக் கல்லில் உட்கார்ந்து எங்கள் வீடு ஏறுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

"மதினி, தேருக்குக் கட்ட குடுக்கிற மாதிரி குடுக்குறாய்ங்க. வீட்ட எங்கிட்டாச்சும் இழுத்துக்கிட்டுப் போயிறப் போறாய்ங்க."

"போனாப் போகட்டும். சோழவந்தான் பக்கம் நிறுத்தச் சொல்லுங்க. வெத்தலயாச்சும் சும்மாக் கெடைக்கும்."

"ஒங்க வீட்டுக்காரரு கடைசியில ஒங்கள மாடி வீட்டுல வச்சுட்டாரு, போங்க."

வீடு நிலைத்தபிறகு படி கட்ட வேண்டும். வீடு என் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்கிறது. வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கிற இடமோ கொஞ்சம். பக்கவாட்டில் திருப்பலாம் என்றால் ஒரு பக்கம் செப்டிக் டேங்க், இன்னொரு பக்கம் கிணறு. கொத்தனார் செங்கலைச் சாந்து இல்லாமல் சும்மா அடுக்கிக் காட்டினார். என் மனைவி கீழே நின்று ஒவ்வொரு அடுக்காகக் கை நீட்டி எண்ணினாள். எங்கள் பக்கத்தில் படியை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. லாபம், நட்டம், லாபம், நட்டம் என்றுதான் எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அன்றைக்கு அது நட்டத்தில் முடிந்தது.

"கொத்தனாரே, இது ஆகாது."

"அப்ப இன்னொரு படி கூட்டணும் ஆத்தா. கூட்டுனா சாக்கடையத் தாண்டி ரோட்டுல வந்து நிக்கும். மறுநாளே வந்து இடிச்சுப்புடுவாய்ங்க."

"அப்ப ஒண்ணக் கொறைங்க."

"கொறச்சா ஒவ்வொரு படியும் ஒசரமா வந்துரும். நாள் முச்சூடும் ஏறி எறங்கணும்ல?"

"நான் கெணத்துப் படியில கொடத்தோட ஏறுனவ. நீங்க கொறைங்க."

சோழவந்தானம்மா அந்தப் பக்கம் இருந்து சொன்னார். "எதுக்குக் கொறைக்கிறீக மதினி? நட்டப் படிய மட்டும் மிதிக்காமத் தாண்டிப் போயிருங்க."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஒருவருக்கும், எனக்கோ என் மகனுக்கோ அந்தக் கொத்தனாருக்கோகூட, நட்டத்தில் முடிகிற படியைக் கட்ட மனசு வராது. தெருவில் எந்த வீட்டுக்காரரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு படியைக் குறைத்தோம். ஒவ்வொரு படியும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வந்தது. புதுப் பெயிண்ட் அடித்து, படிக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தோம். அன்றைக்கு அவள் ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி வீட்டுத் தென்னை மரம்கூட இங்கிருந்து தெரிகிறது என்று சொன்னாள்.

தண்ணீருக்குப் பயந்து வீட்டைத் தூக்கினோமா, அதற்குப் பிறகு மழையே இல்லை. தொடர்ந்து பொய்த்தது. கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். வைகைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கீழே பார்த்தால் மணலும் ஆகாயத்தாமரை காய்ந்த சருகும்தான். அவள் ஆசைப்பட்டு வெட்டின கிணறு வற்றி, குப்பை போடுகிற குழியாகிவிட்டது. லாரியில் தண்ணீர் வரும். சில நாள் காலையில் வரும், சில நாள் மத்தியானம், சில நாள் வரவே வராது. ஹாரன் கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள்.

கீழே பிடித்த குடத்தை மேலே ஏற்ற வேண்டுமே. அந்தப் படிகளில் இடுப்பில் குடத்தோடு ஏறி ஏறித்தான் அவள் முழங்கால் போனது. நானும் ஏற்றினேன். நான் பஜாருக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து லாரி வந்துவிட்டால் அவள் ஏற்றுவாள். வீங்கின காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "படிதான் கொஞ்சம் ஒசந்துபோச்சு" என்பாள். கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டேன். அதற்குள் எங்கள் வாசலை ஒட்டிச் சாக்கடைக்குக் கான்கிரீட் சுவர் கட்டிவிட்டார்கள். அந்தக் கல்லையும் அப்போது எடுத்துவிட்டு, எங்கள் படி வரை தாரை இழுத்துவிட்டதில் கீழ்ப்படியின் அடி கொஞ்சம் புதைந்தது. கொத்தனார் நின்று பார்த்தார், டேப்பை இழுத்தார், சுருட்டினார்.

"இனி எடமே இல்லண்ணே. இந்தப் படி இப்படித்தான்."

அவள் இறங்குவது குறைந்தது. முதலில் காலை சாயங்காலம் என்று இருந்தது, பிறகு நாளைக்கு ஒரு தடவை, பிறகு கல்யாணம், இழவு என்று அவசியம் இருந்தால் மட்டும். ஒருநாள் கடைசிப் படியில் கால் மடங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக நான் அவளை முதுகில் சுமந்து இறக்கினேன். மூட்டை சுமந்த முதுகுதானே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் தெரிந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒரு பயல், "தாத்தா பாட்டியைத் தூக்கிட்டுப் போறாரு" என்று கத்தினான். ஆட்டோவில் அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாள். "இனி என்னையத் தூக்காதீங்க. நான் என்ன வெங்காயமா?"

அதற்குப் பிறகு அவள் இறங்கவில்லை.

சாயங்காலப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. அவள் மேல்படியில் உட்கார்வாள். சோழவந்தானம்மா ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்வார். அவருக்குக் காது மந்தம். மேலே இருந்து இவள் கத்துவாள், கீழே இருந்து அவர் கத்துவார். ரகசியம் ஒன்றும் பேச முடியாது. "கத்திப் பேசுனா ஒப்புக்குப் பேசுற மாதிரியே இருக்குங்க" என்று என்னிடம் வருத்தப்படுவாள். ஒயர் கூடையில் கயிறு கட்டி வெற்றிலை ஏறும், பாக்கு இறங்கும். அந்தக் கூடையில் ஒருநாள் சோழவந்தானம்மா ஒரு பூனைக்குட்டியை வைத்து அனுப்பி, என் மனைவி அலறின அலறலில் டெய்லர் கடையை விட்டு ஓடி வந்தார்.

பிறகு ஒரு வருசம் மழை பிடித்தது. விடாமல் பெய்து கண்மாய் மறுகால் பாய்ந்தது. உபரித் தண்ணீர் போகிற ஓடையில் வீடு கட்டியிருக்கிறார்கள், அது எங்கே போகும்? தெருவுக்குள் வந்தது. எங்கள் படியில் பாதி தண்ணீருக்குள். வீட்டுக்குள் சொட்டு இல்லை. மகன் என் தோளைத் தட்டி, "பாத்தியாப்பா?" என்றான். சந்தோசம்தான். பக்கத்து வீட்டைப் பார்க்கிற வரைக்கும்.

சோழவந்தானம்மா வீட்டில் ஜன்னல் வரை நின்றது. மகனும் டெய்லரும் கயிறு கட்டி அவரை அழைத்து வந்தார்கள். ஒரு கையில் குக்கர், ஒரு கையில் வெற்றிலைப் பெட்டி. படியேறி, என் மனைவி முன்னால் நனைந்த கோழி மாதிரி நின்றார்.

"நீங்க எறங்கி வர்றதாத் தெரியல மதினி. அதான் தண்ணியே என்னைய ஏத்தி விட்டிருச்சு."

வடிகிறவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். கரண்டு இல்லை, பால் இல்லை, கஞ்சிதான். ஆனால் என் மனைவி அந்த நாட்களில் சிரித்த மாதிரி பிறகு சிரிக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு முணுமுணு என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கத்தத் தேவையில்லாத பேச்சு. ஒரு காலையில் சோழவந்தானம்மா ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முந்தியெல்லாம் ஒங்க வீட்ல பாதி, எங்க வீட்ல பாதின்னு நிக்கும். இப்ப மொத்தமும் எனக்கே குடுத்துட்டீக."

வேடிக்கையாகத்தான் சொன்னார். என் மனைவி எழுந்து போய் அடுப்பை ஊதினாள்.

தண்ணீர் வடிந்தபோது அவர் வீட்டுச் சுவர் வெடித்திருந்தது. எங்கள் மாதிரி தூக்கலாமே என்று மகன் சொன்னான். "எந் திருப்பூரான் என்னையவே தூக்க யோசிக்கிறான், வீட்டையா தூக்கப் போறான்" என்றார். அந்தத் திருப்பூரான் கார் எடுத்துக்கொண்டு வந்தார். சாமான் ஏற்றி முடிந்ததும் சோழவந்தானம்மா எங்கள் படியேறி வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுகாதீக மதினி. இந்த மழையில ரோடெல்லாம் அரிச்சுப்போச்சு, புதுசாப் போட்டுத்தான் ஆகணும். போட்டா ஒசரும்ல? ரெண்டு தடவ போட்டாப் போதும், பாதிப் படிய ரோடே முழுங்கிரும். அப்ப எறங்கி நேரா பஸ்ஸேறி வாங்க. திருப்பூர்ல வெத்தல நல்லாருக்காது, கொண்டாந்துருங்க."

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அது தப்புக் கணக்கும் இல்லை. எங்கள் தெருவில் ரோடு உயர்ந்துதானே எங்கள் ஒற்றைப் படியை முழுங்கியது? வீட்டை இறக்க முடியாது, படியை மாற்ற முடியாது, முழங்காலையும் ஒன்றும் செய்ய முடியாது. ரோடு ஒன்றுதான் மிச்சம். தெருவே ரோடு உயரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஒருத்தி மட்டும் உயர வேண்டும் என்று காத்திருந்தாள்.

நான் வெளியே போய் வந்தால் முதல் கேள்வி அதுதான். "ரோடு போடுறதப் பத்தி யாராச்சும் பேசுனாகளா?" யாராவது டேப் பிடித்து அளந்தால் என்னைக் கீழே விரட்டுவாள். "கேபிள்காரய்ங்கடி" என்று வந்து சொல்வேன். மறுபடி உட்கார்ந்துகொள்வாள். மேல்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் வழுவழுப்பாகிவிட்டது. முட்டிக்குப் பழக்கம் வேண்டும் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பாள். திருப்பூருக்குப் போகையில் உடுத்த ஒரு சேலையைத் தனியாக எடுத்து வைத்தாள். எதிர்வீட்டு வாசலில் ரோட்டோரமாக ஒரு துவைக்கிற கல் கிடந்தது. மேலே இருந்தே, "ஏத்தா, அந்தக் கல்ல நகட்டிப் போடு, ரோடு போட வருவாக" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்வாள்.

கடைசியில் வந்தார்கள். காலையில் பெரிய சத்தம். அவள் குளித்துத் தலை வாரி வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். வந்தது ஜல்லி லாரி இல்லை. பல்லுப் பல்லாக உருளை வைத்த ஒரு மிசின். அது பழைய ரோட்டைச் சுரண்டிச் சுரண்டி, அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டே வந்தது. இனிமேல் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், ரோடு உயரக் கூடாது என்று சட்டமாம். தெருக்காரர்களும் இதைத்தான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதில் தப்பு என்ன? தாழ்ந்த வீட்டுக்காரர்கள் சந்தோசத்தில் மிசின்காரருக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள். டெய்லர் கைதட்டினார்.

அவள் எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது கூப்பிட்டாள்.

"ஏய்யா, தம்பி! ஏன் தோண்டுறீக? மேல போடுங்கய்யா. எப்பயும் மேலதான போடுவீக?"

மேஸ்திரி தொப்பியைத் தூக்கி மேலே பார்த்தார். "ஆத்தா, மேல போட்டா ரோடு ஒசந்துரும். தண்ணி வீடுகளுக்குள்ள வரும்."

"வரட்டும்யா."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெண், "ஒங்களுக்கென்ன பெரியம்மா, ஒசரத்துல இருக்கீக. எங்களுக்குல்ல வரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். மேஸ்திரி ஏதோ வயசானவர் பேச்சு என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். மிசின் எங்கள் படியை ஒட்டிச் சுரண்டிக்கொண்டு போனது. போன இடத்தில் பார்த்தேன். புதைந்து கிடந்த கீழ்ப்படியின் அடிப்பகுதி, நாங்கள் அடித்த பழைய பெயிண்டோடு வெளியே வந்திருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் உயரமாகிவிட்டது.

புது ரோடு வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பெய்த மழைக்கு ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. அவள் ரோட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மேல்படியில் உட்கார்வதையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள். உள்ளே கட்டிலில்தான். நான் கீழே போய் வந்து, யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகள் வந்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டுக்கொள்வாள். எனக்குப் பெண்கள் மாதிரிச் சொல்ல வராது. எது முக்கியமோ அதை விட்டுவிட்டு வந்துவிடுவேன். முன்னெல்லாம் என்றால் திட்டி, திரும்பப் போய்க் கேட்டு வரச் சொல்வாள். இப்போது சரி என்று விட்டுவிடுகிறாள். பக்கத்து மனையில் அந்த வீட்டை இடித்துவிட்டு யாரோ மண் அடிக்கிறார்கள். லாரி வந்து கொட்டும் சத்தத்துக்கு அவள் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

போன வாரம் திருப்பூரிலிருந்து போன் வந்தது. சோழவந்தானம்மாவுக்கு இப்போது படுக்கையாம், மகன்தான் போனைக் காதில் வைத்துப் பிடித்திருக்கிறார் போல. என் மகன் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தான். அந்தப் பக்கம் குரல் மெலிந்து வந்தது.

"மதினி, ரோடு போட்டாச்சா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னாள்.

"போட்டாச்சு மதினி."

"ஒசந்திருச்சா?"

"ஒசந்திருச்சு. நல்லா ஒசந்திருச்சு."

"அப்ப எப்ப வாரீக?"

"வாரேன் மதினி. இங்க மழையாக் கெடக்கு. மழை நிக்கவும் வாரேன்."

அந்தப் பக்கம் இருந்து, வெற்றிலையை மறந்துவிடாதீர்கள் என்று வந்தது. மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பங்குனி வெயில். புது ரோட்டில் தார் இளகிப் பளபளத்துக்கொண்டிருந்தது.